ஜிம்ப்பில் ஜிஃப்: பழைய கலங்கரை விளக்கத்தில் வெளிச்சம் ஏற்றிய அனுபவம்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:

காசு கட்டி சாஃப்ட்வேர் வாங்காமல் ஜிஃப் எனும் அசையும் படம் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தீர்கள். நான் ஜிம்ப் என்ற படம் திருத்தும் சாஃப்ட்வேரில் செய்தேன், இலவசம்தான், சாதாரண லேப்டாப்பிலேயே ஓடுகிறது. அக்கா மகள் பள்ளிக் கண்காட்சிக்காக பீச் ரோட்டில் காந்தி சிலை பக்கம் இருக்கும் பழைய கலங்கரை விளக்கத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். 1836-ல் ஏற்றிய விளக்கு அது, கப்பலுக்கு வழிகாட்டுகிற வேலை புதிய கலங்கரை விளக்கத்துக்குப் போய் ரொம்ப காலமாகிறது. "மாமா, ஸ்கிரீன்ல அது எரியற மாதிரி காட்ட முடியுமா?" என்றாள்.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் எடுத்த போட்டோ இருந்தது. அகலத்தை 600 பிக்சலாகக் குறைத்துக்கொண்டேன். அப்புறம் விளக்கு இருக்கும் உச்சியில் மட்டும் தனி லேயர் (படத்தின் மேல் விரிக்கும் கண்ணாடித்தாள் மாதிரி) போட்டு, மஞ்சள் கலந்த வெள்ளையில் ஓரம் மெல்ல மங்கும் வட்டமான கிரேடியன்ட் வரைந்து, கீழே இருப்பதோடு அது கலக்கும் விதமான மோடை 'ஸ்கிரீன்' என்று மாற்றினேன். ஒபாசிட்டியை, அதாவது லேயர் எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்பதைக் கூட்டினால் வெளிச்சம் பொங்குகிறது, குறைத்தால் அடங்குகிறது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜிஃப்பாக எக்ஸ்போர்ட் செய்யும்போது ஜிம்ப் ஒவ்வொரு லேயரையும் ஒரு ஃபிரேமாக, அதாவது அடுத்தடுத்து ஓடும் படங்களில் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், ஸ்கிரீன் மோடெல்லாம் அங்கே செல்லாது. அதனால் ஒபாசிட்டியை ஒவ்வொரு தடவை மாற்றியதும் லேயர் மெனுவில் 'நியூ ஃப்ரம் விசிபிள்' கொடுத்து, கண்ணுக்குத் தெரிவதை அப்படியே ஒரு முழு லேயராக எடுத்து வைக்க வேண்டும். அடியில் இருக்கும் லேயர்தான் முதல் ஃபிரேம். வெளிச்சம் ஏறுவதற்கு ஆறு எடுத்தேன், இறங்குவதற்கு நடுவில் இருக்கும் நாலையும் நகலெடுத்துத் தலைகீழாக மேலே அடுக்கினேன், ஆக மொத்தம் பத்து ஃபிரேம். லேயர் பெயரின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 120 என்று போட்டு ஒட்டினாற்போல் எம், எஸ் என்ற ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால் அந்த ஃபிரேம் 120 மில்லி செகண்ட் நிற்கும். உச்ச வெளிச்சத்துக்கு மட்டும் 500 கொடுத்துப் பாருங்கள், விளக்கு மூச்சு விடுவது போலவே இருக்கும்.

கஷ்டம் கொடுத்தது வானம்தான். ஜிஃப் 1987-ல் வந்த வடிவம், ஒரு ஃபிரேமில் 256 நிறத்துக்கு மேல் தாங்காது. அந்தி வானத்தின் நீலம் மெல்ல மெல்லக் கருப்பாவது அதில் பட்டை பட்டையாகத் தெரியும். அதற்காக சாதாரண டிதரிங் (இருக்கிற நிறங்களைப் புள்ளி புள்ளியாகக் கலந்து இல்லாத நிறம் போலக் காட்டுவது) போட்டால் புள்ளிகள் ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறி வானமே நெளிகிறது. இமேஜ், மோட், இன்டெக்ஸ்டு போய் டிதரிங்கில் 'பொசிஷன்டு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அசையாத இடத்தில் புள்ளிகளும் அசையாது. அதன்பின் ஃபில்டர்ஸ், அனிமேஷன், 'ஆப்டிமைஸ் ஃபார் ஜிஃப்'. முந்தின ஃபிரேமிலிருந்து மாறிய துண்டை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடும், ஃபைல் கணிசமாக இளைக்கும். இது புது இமேஜாகத்தான் திறக்கும், மூலத்தை ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் ஆக சேமித்து வைத்துவிடுங்கள், பிறகு திருத்த அதுதான் வேண்டும். எக்ஸ்போர்ட்டில் 'ஆஸ் அனிமேஷன்', 'லூப் ஃபாரெவர்' இரண்டையும் டிக் செய்ய வேண்டும்.

கடலை அசைக்கலாம், மேகத்தை நகர்த்தலாம் என்று கை துறுதுறுக்கும், வேண்டாம். ஜிஃப்பில் ஒன்றே ஒன்று அசைந்தால்தான் கண் அங்கே போய் நிற்கும், ஃபைலும் சின்னதாக இருக்கும்.

மஞ்சக்குப்பம், கடலூர்:

ரொம்ப உபயோகமான பதிவு அண்ணா. நான் டிசைன் கடையில் போட்டோஷாப்பில் செய்கிறேன், அங்கே டைம்லைனில் ஃபிரேம் அனிமேஷன், 'சேவ் ஃபார் வெப்', அவ்வளவுதான். பொங்கல் வாழ்த்து கேட்டு வருகிறவர்கள் பானை, கரும்பு, எழுத்து எல்லாமே ஆட வேண்டும் என்பார்கள். பானையில் பொங்குவதை மட்டும் ஆடவிட்டு ஒன்று செய்து காட்டினால் பெரும்பாலும் அதையே எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு சந்தேகம், பின்னணி இல்லாத லோகோவை அசைய வைத்தால் ஓரத்தில் வெள்ளைக் கோடு வருகிறதே?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:

தம்பி, ஜிஃப்பில் ஒரு பிக்சல் தெரியும் அல்லது தெரியாது, அரைகுறையாகத் தெரிகிற பிக்சலே கிடையாது. ஓரத்தில் மென்மையாக மறையும் பிக்சல்கள் ஏதாவது ஒரு நிறத்தோடு கலந்தாக வேண்டும். லோகோ எந்த நிறத்தின் மேல் வரப்போகிறதோ அதையே 'சேவ் ஃபார் வெப்' பெட்டியில் மேட் நிறமாகக் கொடுங்கள், கோடு போய்விடும். வாட்ஸ்அப்புக்கு என்றால் பின்னணியோடேயே செய்துவிடுங்கள், அங்கே ஜிஃப் சத்தமில்லாத வீடியோவாக மாறித்தான் போகும்.