சாட்டர்ன் 5 மாடல் கிட்: 1:144 வாங்கலாமா, 1:96 வாங்கலாமா? அலமாரி உயரம் 74 செ.மீ.

மொட்டைமாடி கேட்டது:

வணக்கம். அப்பல்லோ 11-ஐச் சுமந்து போன சாட்டர்ன் 5 ராக்கெட்டை கிட் வாங்கிக் கட்டலாம் என்று நானும் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் முடிவு செய்திருக்கிறோம். சின்ன விமான கிட்கள் செய்த பழக்கம் இருவருக்கும் உண்டு. ஏர்பிரஷ் இல்லை, ஸ்ப்ரே கேன்தான்.

பார்த்து வைத்திருப்பவை: ஏர்ஃபிக்ஸ் 1:144, ரெவெல் 1:96, லெகோ. மகளுக்குப் பெரியதுதான் வேண்டுமாம். ஆனால் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில்தான் வைக்க முடியும், வெளியே வைத்தால் தூசி. ஒரு தட்டின் உள் உயரம் 74 செ.மீ., அகலம் 125, ஆழம் 38. பிறகு ஒருநாள் நம் இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட்டும் அதே ஸ்கேலில் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஆசை.

உச்சியில் இருக்கும் ஊசி மாதிரியான கோபுரத்தை மட்டும் ஒட்டாமல் விட்டால் 1:144 உள்ளே நிற்குமா?

நெய்தல்:

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். அசல் ராக்கெட் 110.6 மீட்டர். 1:144-இல் அது 77 செ.மீ., 1:96-இல் 115 செ.மீ. டிராகன் கம்பெனியின் 1:72 ஒன்று உண்டு, அது ஒன்றரை மீட்டருக்கு மேல் போகும். லெகோ சுமார் ஒரு மீட்டர். 1:144 உங்கள் தட்டுக்கு மூன்று செ.மீ. அதிகம், அடியில் ஸ்டாண்ட் வைத்தால் இன்னும் ஏறும். கோபுரத்தை விட்டால் ஏழு செ.மீ. குறையும், நிற்கும்.

எல்விஎம்3 43.5 மீட்டர். 1:144-இல் 30 செ.மீ., 1:96-இல் 45. அதை 3டி பிரின்ட் செய்து தருபவரிடம்தான் வாங்க வேண்டியிருக்கும். "ஒரு அடி உயரம்" என்று சொல்லி ஆர்டர் கொடுக்காதீர்கள், ஸ்கேலைச் சொல்லிக் கேளுங்கள்.

தாழ்வாரம்:

நெய்தல் சொன்ன அளவு சரிதான். ஆனால் கோபுரத்தை விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது அலங்காரம் இல்லை. கிளம்பும்போது ராக்கெட் வெடிக்கும் நிலை வந்தால் மூன்று வீரர்களும் இருக்கும் கலத்தைப் பிய்த்து இழுத்துக்கொண்டு போகத்தான் அது இருக்கிறது. அப்பல்லோ 11-இல் முதல் கட்டம் (ராக்கெட்டின் அடிப்பகுதி) கழன்று விழுந்த பிறகு, கிளம்பி மூன்று நிமிடம் சொச்சத்தில்தான் அதைக் கழற்றிவிட்டார்கள். முதல் கட்டம் இருந்து கோபுரம் இல்லாத அப்பல்லோ 11 வானத்தில் எந்த நொடியிலும் இருந்ததில்லை.

கோபுரம் இல்லாமல் பறந்த சாட்டர்ன் 5 ஒன்றே ஒன்றுதான்: 1973 மே 14-இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தை ஏற்றிப் போனது. அதில் ஆட்கள் இல்லை, அதனால் கோபுரமும் தேவைப்படவில்லை. உயரம் ஏறத்தாழ 102 மீட்டர், 1:144-இல் 71 செ.மீ., உங்கள் தட்டில் நிற்கும். ஆனால் மேல்பகுதி முழுக்க வேறு வடிவம், அதை நீங்களே செய்ய வேண்டும். முதல் ராக்கெட்டுக்கு அது வேண்டாம்.

மொட்டைமாடி:

கோபுரத்தின் வேலை இதுவென்று தெரியாது. மகளிடம் படித்துக் காட்டினேன், இனி அது இல்லாமல் வைக்கவே கூடாது என்கிறாள். அப்படியானால் 1:200 மாதிரி சின்னதாகத்தான் போக வேண்டுமா?

கட்டைவிரல்:

எதற்கு? படுக்க வையுங்கள் சார்!

இன்று மிச்சமிருக்கும் உண்மையான சாட்டர்ன் 5 மூன்றும் படுத்துத்தான் இருக்கின்றன: ஹூஸ்டன், ஹன்ட்ஸ்வில், கென்னடி விண்வெளி மையம். ஹன்ட்ஸ்வில்லில் நிமிர்ந்து நிற்பது நகல். ஹூஸ்டனில் இருப்பதன் மூன்று கட்டங்களும் பறப்பதற்காகவே கட்டப்பட்டவை, கடைசிப் பயணங்கள் ரத்தானதால் தங்கிப்போனவை. அங்கே கட்டங்களுக்கு நடுவில் இடைவெளி விட்டு வைத்திருக்கிறார்கள், நடந்துபோய் ஒவ்வொன்றின் பின்புறத்தையும் பார்க்கலாம்.

நிற்க வைத்தால் தெரியாத விஷயம் அதுதான். முதல் கட்டத்தில் ஐந்து எஃப்-1 எஞ்சின்கள், இரண்டாவதில் ஐந்து ஜே-2 எஞ்சின்கள், மூன்றாவதில் ஒரே ஒரு ஜே-2. அந்த ஒற்றை எஞ்சினை இரண்டாம் முறை எரித்துத்தான் நிலவுக்குத் திருப்பினார்கள். நிற்கும் மாடலில் மேல் ஆறு எஞ்சின்களும் உள்ளே மறைந்துபோகும். ஓர் எஃப்-1 மட்டுமே கிட்டத்தட்ட 690 டன் உந்துவிசை கொடுத்தது. இந்த ராக்கெட்டைக் கட்டுகிறவர் அந்த எஞ்சின்களைக் காட்டாமல் விடக் கூடாது என்பேன்.

125 செ.மீ. அகலத்தில் 1:144 தாராளமாகப் படுக்கும். கட்டங்களுக்கு நடுவே ஐந்து ஐந்து செ.மீ. விட்டாலும் 92-க்குள் முடியும், ஓரத்தில் எல்விஎம்3-யை நிமிர்த்தி நிறுத்தலாம். 1:96-உம் நீளத்துக்கு உள்ளே போகும், ஆனால் பிரித்து வைக்க மொத்தமாகவே பத்து செ.மீ.தான் மிஞ்சும். உங்கள் இடத்துக்கு 1:144 என்பது என் கருத்து. கட்டங்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் வையுங்கள், அவ்வளவுதான்.

லெகோவிலும் படுக்க வைக்கத் தாங்கிகள் பெட்டியிலேயே வரும். 1969 துண்டுகள், நிலவில் இறங்கிய ஆண்டுக்காக. பெயின்ட் அடிக்கும் ஆசை இல்லாதவர்களுக்கு நல்ல தேர்வு, உங்களுக்கு அந்த ஆசை இருப்பதாகத் தெரிகிறது.

தாழ்வாரம்:

கட்டைவிரல் சொன்னதையே நானும் வழிமொழிகிறேன். கூடவே ஒரு எச்சரிக்கை, பெயின்ட் வாங்கும் முன் படியுங்கள்.

பல சாட்டர்ன் கிட்களின் வழிகாட்டித் தாளில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் அப்பல்லோ 11-உடையவை அல்ல. எஸ்ஏ-500எஃப் என்ற சோதனை வண்டியினுடையவை. 1966 மே 25-இல் அதை ஏவுதளத்துக்கு உருட்டிக் கொண்டுபோய் எல்லாம் பொருந்துகிறதா என்று பார்த்தார்கள், அது பறக்கவே இல்லை. எளிதாகக் கண்டுபிடிக்க முதல் கட்டத்தின் நடுவில், இரண்டு டாங்குகளுக்கு இடையே வரிவரியாக மடிப்பு உள்ள பகுதியைப் பாருங்கள். அங்கே கறுப்புப் பட்டை இருந்தால் 500எஃப். பறந்தவற்றில் அந்த இடம் வெள்ளை. 1969 ஜூலை 16 ஏவுதல் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், தாளை நம்ப வேண்டாம்.

ரெவெல் 1:96-இல் உடல் பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் தகடாக வரும், பட்டைகள் அதிலேயே அச்சாகியிருக்கும். அதைத் திருத்துவது தனி வேலை. 1:144-க்கு இது இன்னொரு காரணம்.

மொட்டைமாடி:

ஏர்ஃபிக்ஸ் 1:144 என்று முடிவு செய்துவிட்டோம், படுக்கைதான். மகள் இப்போதே தாங்கிகளுக்குப் படம் வரைகிறாள். ஒரு கடைசிச் சந்தேகம்: அதில் உடல் இரண்டு பாதியாக வருகிறதாமே. ஒட்டிய கோடு அந்த வரி மடிப்புகளின் மேல் தெரியாமல் இருக்க என்ன செய்வது? புட்டி போட்டு உப்புத்தாள் தேய்த்தால் மடிப்பும் போய்விடுமே?

கட்டைவிரல்:

போய்விடும், அதனால் மடிப்பு உள்ள இடத்தில் தேய்க்காதீர்கள். பிளாஸ்டிக் சிமெண்டைப் பிரஷ்ஷால் உள்பக்கமிருந்து ஓட விட்டு, ரப்பர் பேண்டு போட்டு ஒரு ராத்திரி வையுங்கள். சூப்பர் க்ளூ வேண்டாம், தள்ளிச் சரிசெய்ய நேரம் தராது. வழவழப்பான இடங்களில் மட்டும் புட்டி. வைக்கும்போது ஒரு கோடு அடியிலும் ஒன்று மேலேயும் வருமாறு திருப்பிவிடுங்கள். தட்டு கண் உயரத்தில் இருந்தால் இரண்டுமே கண்ணில் படாது.

நெய்தல்:

வெள்ளை ஸ்ப்ரேயை மழை ஈரம் இல்லாத நாளில் அடியுங்கள். ஈரக்காற்றில் லேக்கர் பெயின்ட் பனி படிந்த மாதிரி மங்கும். முதலில் வெள்ளை, நன்றாகக் காய்ந்த பிறகு டேப், அப்புறம் கறுப்பு. எஞ்சின்களைத் தனியாக அடித்துவிட்டுக் கடைசியில் பொருத்துங்கள்.