கார் ஸ்பாய்லரில் பெயிண்ட் வெளுப்பது: ஒரு சொல் போதுமா, இரண்டு வேண்டுமா?

மார்த்தாண்டம் பயிற்றுநர், திங்கள் இரவு

நம் மடற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்தில் கார் பெயிண்டிங் சொல்லித் தருகிறேன். புதுப் பிள்ளைகள் அடுத்த திங்கட்கிழமை வருகிறார்கள். பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை மாலைக்குள் குழித்துறையில் அச்சுக்குப் போயாக வேண்டும். பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள். சிலர் பள்ளியிலும் மலையாளத்தில்தான் படித்தார்கள். அதனால் நான் எழுதும் தமிழ் இரண்டு பக்கத்தாருக்கும் பிடிபட வேண்டும்.

சிக்கல் ஏழாம் பாடத்தில். டிக்கிக் கதவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பாய்லர்தான் பல கார்களில் முதலில் வெளுக்கிறது. மல்லாந்து கிடப்பதால் உச்சி வெயில் நேராக விழுகிறது. பெயிண்டுக்கு மேலே உள்ள கிளியர் கோட்டு, அதாவது நிறமில்லாத காப்புப் பூச்சு, சுமார் 40 முதல் 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது. வெயிலின் புறஊதாக் கதிர் அதைத் தின்றுவிடுகிறது.

வெளுப்பதில் இரண்டு நிலை உண்டு. ஒன்று, மேலாக மட்டும் மங்கி வெண்மையாகப் படிவது. இதற்குக் கம்பவுண்டு (தேய்த்து மெருகேற்றும் பசை) போட்டால் நிறம் திரும்பும். மற்றொன்று, கிளியர் செத்துத் திட்டுத் திட்டாக வெளுத்து, ஓரம் உரிவது. இதற்குக் கம்பவுண்டு உதவாது. தேய்த்தெடுத்து மறுபடி அடிக்க வேண்டும். பட்டறையில் இரண்டையும் "கிளியர் போச்சு" என்றே சொல்கிறார்கள். போன முறை "வெளுத்த இடத்தில் கம்பவுண்டு போடு" என்று நான் பொதுவாகச் சொல்லிவிட்டேன். ஒரு பையன் செத்த கிளியர் மேல் அரைமணி நேரம் தேய்த்து, நிறத்தையும் தாண்டி பிளாஸ்டிக்கைக் கண்டுவிட்டான். அவன்மேல் தப்பில்லை, என் சொல்லில்தான் தப்பு.

எனக்கு இரண்டு சொல் வேண்டும். கேட்டதும் கை கம்பவுண்டுக்குப் போகணுமா, உப்புத்தாளுக்குப் போகணுமா என்று தெரிய வேண்டும்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செவ்வாய் காலை

தம்பிக்கு, நல்ல கேள்வி. முதல் நிலைக்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது: பசலை. காதலரைப் பிரிந்த பெண்ணின் மேனியில் படரும் மங்கல் நிறம் அது.

குறுந்தொகை 399, பரணர் பாட்டு:

ஊருண் கேணி உண்துறைத் தொக்க
பாசி அற்றே பசலை காதலர்
தொடுவுழித் தொடுவுழி நீங்கி
விடுவுழி விடுவுழிப் பரத்த லானே.

தொட்ட இடத்தில் நீங்கும், விட்ட இடத்தில் பரவும். ஊர்க்கேணியில் தண்ணீர் மொள்ளும்போது பாசி விலகி மறுபடி மூடுகிறதே, அதுபோல. நீங்கள் சொல்லும் முதல் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை உண்டா? பசுமை, பச்சை, பாசி, பசும்பொன், பைம்பொன் எல்லாம் ஒரே வேரில் பிறந்தவை. பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு மங்கல் நிறத்தை அந்த வேர் காட்டுகிறது. பழைய வண்டியின் முன்விளக்கு முகப்பு மஞ்சள் படிகிறதே, அதற்கும் இதையே சொல்லலாம்.

"பெயிண்ட்" என்றே எழுதியிருக்கிறீர்கள். நிறப்பூச்சு என்று எழுதுங்கள். வண்ணப்பூச்சும் வேண்டாம், வண்ணம் வடமொழித் தொடர்புடையது.

களியக்காவிளை, பெயிண்டிங் பட்டறை, செவ்வாய் மதியம்

ஐயா சொன்ன பாட்டைப் படித்துவிட்டு எழுந்துபோய் ஒரு வேலை செய்தேன். பட்டறையில் ஒரு சிவப்பு வண்டி நிற்கிறது. ஸ்பாய்லர் மேல்பரப்பு பூராவும் ரோஸ் கலராக வெளுத்திருக்கிறது. ஈரத்துணியால் ஒரு கோடு இழுத்தேன். துணி போன இடமெல்லாம் நல்ல சிவப்பு. காய்ந்ததும், ஓரத்திலிருந்து வெள்ளை மெதுவாக மூடிக்கொண்டு வந்தது. தொட்ட இடத்தில் நீங்கி, விட்ட இடத்தில் பரவியது. நாங்கள் தினமும் பார்ப்பது இதுதான். தண்ணீர் தொட்டு நிறம் வந்தால் கம்பவுண்டு. அதே ஸ்பாய்லரின் இடது மூலையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. அதை எத்தனை தடவை நனைத்தாலும் அதன் ஓரக்கோடு போகவில்லை. நகத்தை வைத்தேன், தோலாகக் கிளம்பிவிட்டது.

ஆனால் ஐயா, பசலை என்று என் பையன்களிடம் சொன்னால் கீரை என்பார்கள். எங்கள் வீட்டுக் கொல்லையில் பசலைக்கொடிதான் படர்ந்து கிடக்கிறது.

நாகர்கோவில், செவ்வாய் மாலை

கீரைக்குப் பெயர் வந்ததும் அதே பசுமையினால்தான். ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருப்பது குறையன்று. "திங்கள்" என்றால் நிலவா, மாதமா, கிழமையா என்று யாரும் குழம்புவதில்லை. சொல்லை நாம் கைவிட்டால் அது செய்யுளோடு நின்றுவிடும், தம்பி. பட்டறைக்குள் வந்தால்தான் வாழும். இதை நான் மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

செங்கோட்டை, மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் இரவு

ஐயா, வணக்கம். பசலையின் அழகை மறுக்க மாட்டேன். என் கவலை வேறு. பசலை பிரிவால் வருவது, உள்ளே இருக்கும் வருத்தம் உடம்பில் தெரிவது. இங்கே நடப்பது மேலே உள்ள பிசின் சிதைந்து பொடியாக நிற்பது. விரலால் தடவினால் மாவு ஒட்டும்.

இதற்கு எல்லார் வாயிலும் புழங்குகிற ஒரு தொடர் இருக்கிறது: நீறு பூத்த நெருப்பு. மேலே சாம்பல், ஊதினால் கீழே கனல். சிவப்பு ஸ்பாய்லரைக் கம்பவுண்டு போட்டுத் துடைக்கும்போது நடப்பது இதுதானே! நீறு என்பது சாம்பல் மட்டுமில்லை, சுண்ணாம்பையும் குறிக்கும். சுண்ணாம்பு நீற்றுகிறோம் இல்லையா. ஆங்கிலத்திலும் இந்த நிலையைச் சுண்ணத்தை வைத்துத்தான் (chalking) சொல்கிறார்கள். ஆகவே நீறுபூத்தல். "இந்த ஸ்பாய்லர் நீறு பூத்திருக்கு, கம்பவுண்டு போடு" என்று சொல்லிப் பாருங்கள். நாக்குத் தடுக்கவில்லை.

பெயராக்கும்போது நீறுபூப்பு என்று மட்டும் வேண்டாம். பூப்பு என்ற சொல்லுக்கு வேறு பொருள் நின்றுவிட்டது, வகுப்பில் பெண் பிள்ளைகள் சங்கடப்படுவார்கள்.

கொழிஞ்சாம்பாறை, புதன் காலை

நான் பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழன். இரண்டு விஷயம்.

முதலாவது, நீறு என்றால் திருநீறு என்று மாற்று மதப் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்களோ என்று ஒரு நண்பர் தனி மடலில் கேட்டார். அந்தப் பயம் வேண்டாம். தமிழ்க் கத்தோலிக்கர் தவக்காலத்தைத் திருநீற்றுப் புதனில்தான் தொடங்குகிறார்கள். அந்தச் சொல் எல்லாருக்கும் உரியது.

இரண்டாவதுதான் உண்மையான இடைஞ்சல். மலையாளத்தில் நீறு என்றால் மாமரத்தில் இலையை மடித்துக் கூடு கட்டும் சிவப்பெறும்பு. நாம் முசுறு என்கிறோமே, சங்க இலக்கியத்தில் முயிறு, அதுதான். மலையாளம் படித்த பையன் காதில் "நீறு பூத்தது" எறும்பு மொய்த்ததாக விழலாம்.

இரண்டாம் நிலைக்கு என் பரிந்துரை சுணங்கு. மலையாளத்தில் தோலில் விழும் வெளிர்ந்த திட்டுக்கு இன்றும் அதுதான் பெயர். சங்கப் பாட்டில் மகளிர் மேனியில் வேங்கைப் பூப் போலப் படர்வதாகச் சொல்லும் அதே சுணங்கு. நாம் பாட்டில் பூட்டிவைத்ததை அவர்கள் வீட்டில் புழங்குகிறார்கள். இந்தச் சொல்லை எடுத்தால் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே சொல் நிற்கும். எனக்கு அது பெரிய ஆசை.

களியக்காவிளை, புதன் மதியம்

சார், எங்களுக்குச் சுணங்கு என்றால் வேலை தள்ளிப்போவது. "வண்டி என்னாச்சு?" "சுணங்கிப் போச்சு." வண்டிக்காரரிடம் "உங்கள் ஸ்பாய்லரில் சுணங்கு" என்று சொன்னால் டெலிவரி நாளாகும் என்று நினைத்துக் கோபப்படுவார். உடம்பில் வரும் அந்த வெள்ளைத் திட்டுக்கு நாம் தேமல் என்றுதானே சொல்கிறோம்? தேமல் விழுந்த ஸ்பாய்லர். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

செங்கோட்டை, புதன் மாலை

தேமல் அருமை. ஆனால் தேமல் மருந்து போட்டால் போய்விடும் அண்ணே. செத்த கிளியர் திரும்பாது. திரும்பாததற்கு நரை பொருந்தும் என்று தோன்றுகிறது. வெளுத்த துணியை மலையாளத்தில் நரைத்தது என்றுதான் சொல்கிறார்கள். நமக்கும் புரியும்.

நாகர்கோவில், புதன் இரவு

நரை என்றதும் புறநானூறு 191 நினைவுக்கு வருகிறது. "யாண்டு பலவாக நரையில ஆகுதல் யாங்கு ஆகியர்" என்று சான்றோர் கேட்டதற்குப் பிசிராந்தையார் சொன்ன விடை. மனைவி, மக்கள், ஏவலர், வேந்தன், ஊர்ச் சான்றோர் எல்லாம் நன்றாக அமைந்ததால் நரைக்கவில்லை என்கிறார். நரைக்குக் காரணம் ஆண்டு மட்டுமன்று, சூழலும்தான். நிழலில் நிற்கும் வண்டியும் வெயிலில் நிற்கும் வண்டியும் ஒரே வயதில் ஒரேபோல நரைப்பதில்லை. இரண்டாம் நிலைக்கு நரை என்பதை ஏற்கிறேன். முதல் நிலைக்குப் பசலைதான்.

கிளியர் கோட்டுக்கு யாரோ தனி மடலில் "தெளிப்பூச்சு" என்று எழுதியிருந்தார்கள். அது பிழை. தெளி பூச்சு வினைத்தொகை, வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுசோறு போல. ஒற்று மிகுந்தால் தெளித்துப் பூசுவது என்ற மயக்கம் வரும்.

மார்த்தாண்டம், வியாழன் காலை

ஐயா, அந்த மயக்கம் எங்கள் தொழிலில் உண்மையாகவே வரும். பெயிண்ட் துப்பாக்கியால் அடிப்பது எல்லாமே தெளிப்புதான். ஒற்று இல்லாமலே எழுதுகிறேன்: தெளிபூச்சு. அடைப்பில் கிளியர் என்று ஒருமுறை போடுவேன்.

நேற்று பழைய மாணவர்கள் ஆறு பேரைக் கூப்பிட்டு, அந்தக் களியக்காவிளை ஸ்பாய்லர் முன்னாலேயே நிறுத்திக் கேட்டேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை, சொற்களை மட்டும் சொன்னேன். தேமல் என்றதும் ஆறு பேரும் மூலையில் இருந்த திட்டைக் காட்டினார்கள். நரை என்றதும் நான்கு பேர் மொத்தப் பரப்பையும் காட்டினார்கள், அதாவது முதல் நிலையை. நீறு பூத்தது என்றதற்கு ஐந்து பேர் சரியாகப் பொடியைத் தடவிக் காட்டினார்கள். கேரளப் பக்கத்துப் பாறசாலைப் பையன் ஒருவன் மட்டும் எறும்பு எங்கே என்று தேடினான். நெருப்பு என்ற சொல்லைச் சேர்த்துச் சொன்னதும் அவனுக்கும் பிடிபட்டது. பசலைக்கு யாரும் எதையும் காட்டவில்லை. பாட்டைப் படித்துக் காட்டி, ஈரத்துணியையும் இழுத்துக் காட்டிய பிறகு எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஒருவன் நான்கு வரியையும் எழுதி வாங்கிக்கொண்டு போனான்.

தேமல் மருந்தில் போகும் என்ற செங்கோட்டை அக்காவின் மறுப்பு சரிதான். ஆனால் பையன்கள் திட்டு என்ற உருவத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஆறுமா ஆறாதா என்பதை நான் பாடத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

சென்னையிலிருந்து ஒருவர், வியாழன் மதியம்

ஸ்பாய்லருக்கே தமிழ் வைக்காமல் அதன் நோய்க்குப் பெயர் தேடுகிறீர்களே? பின்சிறகு என்று வைக்கலாம்.

மார்த்தாண்டம், வியாழன் மதியம்

சிறகு வேறு, இது வேறு ஐயா. பந்தயக் காரில் தூண்மேல் நிற்பதுதான் சிறகு. காற்று மேலும் கீழும் ஓடி வண்டியைக் கீழே அழுத்தும். ஸ்பாய்லர் உடம்போடு ஒட்டி நின்று காற்றின் போக்கைக் கலைக்கிறது. வண்டியின் பின்பக்கம் தூக்குவதைக் குறைக்கிறது.

நாகர்கோவில், வியாழன் மாலை

அப்படியானால் தூக்குகெடுப்பி. "சேர்ந்தாரைக்கொல்லி" என்று வள்ளுவர் சினமென்னும் நெருப்பைச் சொன்னதுபோல இகர விகுதி வினைமுதலைக் குறிக்கும்.

களியக்காவிளை, வியாழன் இரவு

ஐயா மன்னிக்கணும். கெடுப்பி என்று பில்லில் எழுதினால் காசு வராது. ஸ்பாய்லர் ஸ்பாய்லராகவே இருக்கட்டும்.

மார்த்தாண்டம், வெள்ளி மதியம்

இன்னும் மூன்று மணி நேரத்தில் அச்சுக்குப் போகிறது. பாடத்தில் இப்படி எழுதிவிட்டேன்:

"ஸ்பாய்லரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, ஈரத்துணியால் ஒரு கோடு இழு. நிறம் திரும்பி, காய்ந்ததும் வெள்ளை மூடினால் அது நீறுபூத்தல். 2000 நம்பர் தாளைத் தண்ணீர் தொட்டு லேசாக ஓட்டி, கம்பவுண்டு போடு. நனைத்தும் ஓரக்கோடு மறையாத வெள்ளைத் திட்டு தேமல். கம்பவுண்டைத் தொடாதே. 400 நம்பர் உப்புத்தாளால் செத்த தெளிபூச்சை எடுத்து, திட்டின் ஓரம் விரலுக்குத் தட்டாதபடி சரிவாக்கு. பிளாஸ்டிக் தெரிந்தால் பிளாஸ்டிக்குக்கு உரிய அடிப்பூச்சு கட்டாயம், இல்லாவிட்டால் மேலே அடித்தது உரியும். பிறகு நிறம், அதன்மேல் தெளிபூச்சு. மழை ஈரத்தில் அடிக்காதே, பூச்சு பால் பூத்து வெளுத்துவிடும்."

குறுந்தொகைப் பாட்டை அதே பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறேன். "பசலை என்றும் சொல்லலாம்" என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

கொழிஞ்சாம்பாறை, வெள்ளி மாலை

சுணங்கையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். மலையாளம் படித்த பிள்ளைகளுக்காகவாவது. அடுத்த பதிப்பில் மறக்காதீர்கள்.

நாகர்கோவில், வெள்ளி இரவு

கட்டம் கட்டியதற்கு நன்றி, தம்பி. ஆனால் "என்றும் சொல்லலாம்" என்பதை நான் ஏற்கவில்லை. அதுதான் பெயர். குழுவின் பதிவில் என் மாற்றுக்கருத்து இருக்கட்டும். திங்களன்று வகுப்பு எத்தனை மணிக்கு? அந்த ஈரத்துணிக் கோட்டை நேரில் பார்க்க வேண்டும். பேருந்தில் வருகிறேன்.