அறிந்தவர்கள் ஏன் கடைப்பிடிக்கவில்லை?

பொருநைவாசி, பாளையங்கோட்டை

பெருந்தொற்றுக் காலத்தில் மக்கள் முகக்கவசத்தை ஒழுங்காக அணியாமல் போனதற்கு அறியாமையே காரணம் என்பது என் கருத்து. கிருமி பரவும் விதத்தைப் பொறுமையாக விளக்கியிருந்தால், அபராதத்துக்குத் தேவையே இருந்திராது.

முக்கூடல் மகள்

அண்ணாச்சி, அவ்வளவு எளிதாக முடித்துவிட இயலாது. என் பெரியம்மா பீடி சுற்றுகிறவர். மூக்கை மூடாத கவசத்தால் பயனில்லை என்பதை எங்களுக்கு எடுத்துச் சொன்னவரே அவர்தான். ஊரடங்கு தளர்ந்து பீடிக் கடை திறந்ததும், கட்டுகளை ஒப்படைத்துவிட்டு மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்குவதற்காகக் குறுகலான திண்ணையில் மற்றப் பெண்களோடு நெருக்கியடித்து நின்றார்; சொல்வது காதில் விழவில்லை என்று கணக்கர் கடிந்துகொண்டதும் கவசத்தைத் தாடைக்கு இறக்கினார். அவருக்கு அப்போது எந்த அறிவு குறைந்திருந்தது? 1950களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டறிய இலவச எக்ஸ்ரே வண்டிகளை அனுப்பியும் பலர் வரவில்லை. அதை ஆராய்ந்த சமூக உளவியலாளர்கள், நோய் தன்னைத் தாக்கக்கூடும் என்று ஒருவர் நம்புகிறாரா, தடுப்பின் பலன் அதற்காகப் படும் இடைஞ்சலைவிடப் பெரிது என்று கருதுகிறாரா என்றே முதலில் பார்த்தார்கள்.

பொருநைவாசி

பெரியம்மாவைக் குறைசொல்ல மாட்டேன். அது கூலியின் நெருக்கடி. தடுப்பூசிக்கு என்ன சொல்வீர்கள்? நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டார், 17 அன்று காலமானார். அவர் இறப்புக்கு ஊசி காரணமன்று என்று மத்திய அரசின் குழு பின்னர் தெளிவுபடுத்தியது. ஆனால் கோவில்பட்டியில் பிறந்த நம் வட்டாரத்துக்காரர் என்பதால், எங்கள் தெருவில் அச்சம் இரட்டிப்பாயிற்று. ஊசிக்குக் காசும் இல்லை, முகாமும் பக்கத்தில்தான். தவறான தகவலைத் தவிர வேறு எது தடுத்தது?

குற்றாலத்தான்

தகவலே நிலையாக இருக்கவில்லையே! நலமாயிருப்போர் அனைவரும் கவசம் அணிய வேண்டும் என்று 2020 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. ஜூனில் நெரிசலான இடங்களுக்குத் துணிக்கவசத்தைப் பரிந்துரைத்தது. அறிவியலில் இது இயல்புதான். டீக்கடையில் அதற்குப் பெயர் மாற்றிப் பேசுவது.

முக்கூடல் மகள்

அதனால்தான் சொல்பவரை நம்புகிறோமா என்பது முக்கியமாகிறது, அண்ணாச்சி. எங்கள் தெருவில் மருத்துவரின் காணொளியைப் பார்த்த பிறகும் யாரும் அசையவில்லை. பல ஆண்டுகளாக எங்கள் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுவரும் கிராம சுகாதார செவிலியர், “நானும் இரண்டு தவணை போட்டுக்கொண்டேன்” என்று வாசலில் நின்று சொன்னார். மறுநாள் பெரியம்மா முதல் ஆளாக முகாமுக்குப் போனார்.

பொருநைவாசி

மகிழ்ச்சி. ஆனால் ஊர் அஞ்சிக்கொண்டிருந்தபோது அந்தச் செவிலியர் மட்டும் துணிந்து கையை நீட்டியது, பயிற்சியில் பெற்ற அறிவினால் அல்லாமல் வேறு எதனால், தங்கச்சி?