லயத்து வீட்டுக்கு ஐஸ் கட்டியும் கரி மூட்டையும் வந்த காலம்: அறிந்தவர்கள் கூறுங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட் மகள்

அனைவருக்கும் வணக்கம். நான் பிறந்தது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில். என் அம்மாவுக்கு இப்போது 81 வயது. அவர் சொல்லச் சொல்ல, எங்கள் குடும்பத்தின் தோட்ட வாழ்க்கையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறேன். இரண்டு இடங்களில் எழுத்து நின்றுவிட்டது.

முதலாவது ஐஸ். 1962-ஆம் ஆண்டு என் தாத்தா இறந்தபோது, சிங்கப்பூரில் வேலை செய்த பெரிய மாமாவுக்குத் தந்தி கொடுத்துவிட்டு, அவர் வந்து சேரும்வரை இரண்டு இரவுகள் தாத்தாவை ஐஸ் கட்டிமேல் கிடத்தி வைத்திருந்தார்கள் என்று அம்மா கூறுகிறார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அப்போது மின்சாரமே கிடையாது. தகரக் கூரையின் கீழ், நம் ஊர் வெயிலில், ஐஸ் எப்படி இரண்டு இரவுகள் தாங்கியிருக்கும்? அதை யார் கொண்டுவந்து கொடுத்தார்கள்?

இரண்டாவது கரி. மாதம் ஒரு முறை லோரியில் கரி மூட்டைகள் வந்ததாக அம்மா சொல்கிறார். அது பத்து ஆராங் சுரங்கத்திலிருந்து வந்த நிலக்கரியாக இருக்கும் என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். அது சரிதானா? நேரில் கண்டவர்கள் சொன்னால் திருத்திக்கொள்வேன்.

பதில் 1: ஐஸ் கடையில் வேலை பார்த்தவன்

தங்கச்சி, வணக்கம். 1960-களில், பள்ளிப் படிப்பை விட்ட பிறகு, சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு சீனத் தவுக்கேயின் (முதலாளியின்) கடையில் மூன்று ஆண்டுகள் ஐஸ் ஏற்றி இறக்கும் வேலை செய்தேன். எனவே இதை என் கைகள் அறிந்த விஷயமாகவே சொல்கிறேன்.

எங்கள் கடைக்கு ஐஸ் ஈப்போவிலிருந்து வந்தது. ஏறக்குறைய 18 மைல் தூரம்தான் என்றாலும், வெயில் ஏறுவதற்கு முன்பே லோரி வந்துவிட வேண்டும் என்பதற்காக, விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் நாங்கள் சாக்கும் கொக்கியுமாகக் காத்திருப்போம். தொழிற்சாலையில் அமோனியா இயந்திரத்தால் குளிரூட்டிய உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள், நல்ல தண்ணீர் நிரப்பிய உயரமான தகர அச்சுகளை இறக்கி உறைய வைப்பார்கள். தண்ணீர் ஓரத்திலிருந்து உள்நோக்கி உறைவதால், அதிலிருக்கும் காற்றும் உப்பும் நடுப்பகுதிக்குத் தள்ளப்படும். கட்டியின் ஓரம் கண்ணாடிபோல் இருக்க, நடுவில் மட்டும் வெள்ளைத் தண்டு ஓடுவது அதனால்தான். கோப்பிக் கடைக்காரர்கள் தெளிவான ஓரத்தைத்தான் கேட்டு வாங்குவார்கள். மீன்காரர்களுக்கு அந்த வேறுபாடு கிடையாது.

கட்டியை ரம்பத்தால் பாதி பாதியாக அறுத்து, மர ஆலையிலிருந்து மூட்டை மூட்டையாக வாங்கி வைத்திருந்த மரத்தூளில் புதைத்து, மேலே சாக்கைப் போர்த்தி, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவோம். எடையெல்லாம் காத்திக் கணக்கு. ஒரு காத்தி இன்றைய கணக்கில் ஏறக்குறைய 600 கிராம். தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவில் மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்பெட்டி வந்துவிட்டதால், அங்கே ஐஸ் கொண்டுபோகும் வேலை என் காலத்தில் இல்லை. லயத்து வீடுகளுக்கோ ஐஸ் என்பது திருமணத்தில் சர்பத் கலக்க, மாரியம்மன் திருவிழாவில் உருண்டை பிடித்துச் சிவப்புச் சீனிப்பாகு ஊற்றி விற்க, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியில் வைக்க, பிறகு சாவு வீட்டுக்கு. சாதாரண நாளில் யாரும் வாங்கமாட்டார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சூடு எப்படி ஐஸைத் தொடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கிலோ ஐஸ் முழுவதும் உருக, அதே அளவு தண்ணீரை உறைநிலையிலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கத் தேவைப்படும் வெப்பம் வேண்டும். ஆகவே ஐஸ் எளிதில் உருகும் பொருளன்று. காற்றும் தண்ணீரும் அதை விடாமல் தடவிக்கொண்டிருந்தால்தான் விரைவாகக் கரையும். உலர்ந்த மரத்தூளுக்குள் அடைபட்ட காற்று அசையாமல் நிற்பதால் சூடு உள்ளே போகாது. ஆனால் தூள் நனைந்துவிட்டால் அதனால் பயனில்லை. சாவு வீட்டுக்குப் போகும்போது மரத்தூளை இரண்டு மூட்டை கூடுதலாகக் கொண்டுபோய், நனைந்த தூளை அள்ளிவிட்டுப் புதிய தூளைப் போட்டுக்கொண்டே இருப்போம். பலகையைச் சற்றுச் சாய்வாக வைத்து, உருகிய தண்ணீர் தேங்காமல் ஓடும்படி கீழே ஒரு தகரத் தொட்டியை வைப்போம்.

அப்படிச் செய்தாலும் ஒரே ஐஸ் இரண்டு இரவுகள் தாங்காது. உடலுக்குக் குளிர் கொடுக்க வேண்டிய ஐஸை முழுவதுமாக மூடவும் முடியாதல்லவா? எனவே உங்கள் தாத்தாவுக்கு ஒரு முறைக்கு மேல் ஐஸ் வந்திருக்க வேண்டும். அம்மாவிடம் இதை மட்டும் மீண்டும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் தவுக்கே, கடன் வாங்குகிறவர்களின் கணக்கை 555 என்ற சிறிய கடன் நோட்டில் எழுதுவார். சாவு வீட்டு ஐஸை மட்டும் அன்றே எழுதமாட்டார். கருமாதி முடியட்டும் என்பார். அவர் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் பதினாறாம் நாள் எதுவென்று எங்களைவிடச் சரியாக நினைவில் வைத்திருப்பார்.

பதில் 2: தைப்பிங், ஓய்வுபெற்ற ஆசிரியை

மகளே, கரியைப் பற்றி நீங்கள் எழுதி வைத்திருப்பதைத் தயவுசெய்து திருத்துங்கள். பத்து ஆராங் சிலாங்கூரில் உள்ளது. சுங்கை சிப்புட்டிலிருந்து நூறு மைலுக்கும் அப்பால். அங்கே 1915 முதல் 1960 வரை வெட்டியெடுத்த நிலக்கரி ரயில்வேக்கும், ஈயச் சுரங்கங்களுக்கும், மின்நிலையங்களுக்கும் போனது. புகையும் நாற்றமும் மிகுந்த அதை வீட்டு அடுப்பில் யாரும் வைக்கமாட்டார்கள். மலாயில் ஆராங் என்ற ஒரே சொல் மரக்கரிக்கும் வழங்குவதால் இந்தக் குழப்பம் பலருக்கு வருகிறது.

உங்கள் தோட்டத்துக்கு வந்தது பெரும்பாலும் எங்கள் பக்கத்துக் கரியாகத்தான் இருக்கும். தைப்பிங்கிலிருந்து கடற்கரை நோக்கிப் போனால் கோலா செபெத்தாங் வரும். அப்போது அதன் பெயர் போர்ட் வெல்ட். 1885-இல் மலாயாவின் முதல் ரயில் பாதை தைப்பிங்கிலிருந்து அந்தத் துறைமுகத்துக்குத்தான் போடப்பட்டது. அதைச் சுற்றிய மாத்தாங் சதுப்புக்காடு ஏறக்குறைய 40,000 ஹெக்டேர். அங்கே பாக்காவ் என்னும் சதுப்புநில மரத்தை முப்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை என்ற சுழற்சியில் வெட்டி, பட்டையை உரித்து, கவிழ்த்த சட்டிபோன்ற செங்கல் சூளைக்குள் நெருக்கி நிறுத்தி, வாயிலை அடைத்துச் சூடேற்றுவார்கள். மரம் நேரடியாக எரிவதில்லை. வாயிலில் மூட்டும் நெருப்பின் சூட்டில் ஈரம் போய் உள்ளேயே கரியாகிறது. அடுக்கி, சுட்டு, ஆறவைத்து வெளியே எடுக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் புகையின் நிறத்தையும் வாசத்தையும் வைத்தே சூளைக்காரர் சொல்லிவிடுவார். என் மாணவர்கள் சிலரின் தந்தையர் அந்த வேலையில் இருந்தார்கள். பிள்ளைகளின் சட்டைகளிலும் அந்தப் புளிப்புப் புகைவாசம் இருக்கும். இன்றும் அந்தச் சூளைகள் சில இயங்குகின்றன. ஒரு முறை அம்மாவை அழைத்துக்கொண்டு வாருங்கள்.

நல்ல பாக்காவ் கரியை ஒன்றோடொன்று தட்டினால் உலோகம்போல் ஓசை வரும். தீப்பொறி தெறிக்காது, நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். எங்கள் வீட்டுக்குக் கரி கொண்டுவந்த ஒருவர் எடை கூட்டுவதற்காக மூட்டையில் தண்ணீர் தெளித்துவிடுவார். என் தாயார் ஒரு துண்டை உடைத்து உள்ளே விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் மூட்டையை இறக்க விடுவார். அந்த ஏமாற்று எனக்கு இன்றும் வலிக்கிறது. ஒரு நாள் கூலியில் ஒரு பங்கைத் தண்ணீருக்குக் கொடுக்கும் நிலையில் எங்களில் யாரும் இருக்கவில்லை.

பதில் 3: கிராணி வீட்டுப் பேரன்

ஆசிரியை அம்மா கூறியதோடு ஒரு சிறு திருத்தத்தைச் சேர்க்க விரும்புகிறேன். லயத்தில் அன்றாடச் சமையலுக்குக் கரி பயன்படவில்லை. மறுநடவுக்காகச் சாய்த்த பழைய ரப்பர் மரங்களின் விறகு காசில்லாமல் கிடைத்தபோது, கரியை விலை கொடுத்து வாங்கி யார் சோறாக்குவார்கள்? விறகு நனைந்துபோகும் அடைமழைக் காலத்துக்கும், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிக்கும், பிள்ளை பெற்றவள் தலைமுடிக்குப் புகை காட்டுவதற்கும், இஸ்திரிப் பெட்டிக்கும்தான் கரி. என் தாத்தா கிராணி (தோட்ட எழுத்தர்) வேலைக்கு வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையும் போட்டுச் செல்வார் என்பதால், எங்கள் வீட்டில் பித்தளை இஸ்திரிப் பெட்டி ஒன்று இருந்தது. அதன் மூடிப் பூட்டில் ஒரு சேவல் நிற்கும். கனிந்த கரியை நிரப்பி, அடிப்பாகத்தை வாழையிலையில் இரண்டு முறை இழுத்த பிறகே பாட்டி அதைச் சட்டையில் வைப்பார். மூட்டையின் அடியில் தங்கும் கரித்தூளைச் சோற்றுக் கஞ்சியில் பிசைந்து உருண்டை பிடித்துக் காயவைத்து, அதையும் எரிப்பார்.

கேள்வி கேட்டவர்: சுங்கை சிப்புட் மகள்

அனைவருக்கும் நன்றி. பத்து ஆராங் என்று எழுதியதை அடித்துவிட்டேன். இஸ்திரிப் பெட்டி எங்கள் வீட்டில் இல்லை என்றும், மழைக்காலத்துக்கும் சாம்பிராணிக்கும்தான் கரி வாங்கியதாகவும் அம்மா இப்போது தெளிவாகச் சொன்னார்.

அண்ணே, உங்கள் பதிலை நேற்றிரவு அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். நீங்கள் சொன்னது சரி. ஐஸ் மூன்று முறை வந்ததாம். மூன்றாவது முறை பெரிய மாமா ஏறி வந்த ரயிலும் ஐஸ்காரரின் சைக்கிளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்தன. மாமா அழுதுகொண்டே ஓடிவந்ததைப் பார்த்த அந்தப் பையன் கட்டியை இறக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டான் என்றார். பதினேழாம் நாள் பாட்டி பணத்தோடு கடைக்குப் போனபோது, மூன்றாவது கட்டி திரும்பி வந்துவிட்டது என்று சொல்லித் தவுக்கே இரண்டுக்கு மட்டும் வாங்கிக்கொண்டாராம். ஆனால் அது திரும்பிப் போகவில்லை. வந்திருந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்காக அதை உடைத்துப் பயன்படுத்தியதை அம்மா கண்ணால் கண்டிருக்கிறார்.

நீங்கள் அந்தக் கடையில் வேலை செய்தது எந்த ஆண்டிலிருந்து என்று சொல்ல முடியுமா?

பதில் 4: ஐஸ் கடையில் வேலை பார்த்தவன்

1964-இலிருந்து, தங்கச்சி. அந்தப் பையன் நான் அல்லன். எனக்கு முன்னால் அங்கே வேலை செய்து, எனக்கு ரம்பம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவராக இருக்கலாம். அவர் இப்போது ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.