ஆண்டனி டேவிஸ் நிஜமாவே பட்டுனு உடையிற ஆத்தங்குடித் தரைக்கல்லா?

செக்காலை சென்டர்:
சாயங்கால ஆட்டம் முடிஞ்சு பணியாரக் கடையில நின்னா தினமும் இதே சண்டைதான். அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்து வீரர் ஆண்டனி டேவிஸை, முன்னாள் வீரரும் டிவி விமர்சகருமான சார்லஸ் பார்க்லி "ஸ்ட்ரீட் க்ளோத்ஸ்"னு கேலி பண்ணினதை வச்சே பாதிப் பேர் ஆளை முடிச்சுவிடுறாங்க. பனியன் போட்டு ஆடினதைவிட சட்டை பேண்ட்டோட பெஞ்சுல உட்கார்ந்ததுதான் அதிகமாம். 2025 பிப்ரவரியில டல்லாஸ் டீமோட லூகா டான்சிச்சும் இவரும் கைமாறினப்போ, லேக்கர்ஸ் டீமை விட்டு டல்லாஸ் போனார். முதல் மேட்ச்லயே 26 பாயிண்ட், 16 ரீபவுண்ட், 7 அசிஸ்ட். மூணாவது குவார்ட்டர்ல தொடை இடுக்குல பிடிச்சுக்கிட்டு வெளியே போனவர் ஆறு வாரம் திரும்பல. இந்தப் பேர் நியாயமா? கணக்கோட சொல்லுங்க. நம்ம சிமெண்ட் கோர்ட் பசங்களுக்கு இதுல எடுத்துக்க ஏதாவது இருந்தாலும் சொல்லுங்க.

கோட்டையூர் ஸ்கோரர்:
நியூ ஆர்லியன்ஸ்ல முதல் ஆறு சீசன்ல, சீசனுக்கு 82 மேட்ச்ல அவர் ஆடினது: 64, 67, 68, 61, 75, 75. மொத்தம் 492-ல 410, அதாவது 83 சதவீதம். மோசம்னு சொல்ல முடியாது, இரும்பு மனுஷன்னும் சொல்ல முடியாது. 2018-19-ல 56 மேட்ச், ஆனா நடுவுல வேற டீமுக்கு மாத்தச் சொல்லிக் கேட்டதால டீமே அவரைப் பல நாள் ஒதுக்கி வச்சது. அதைக் காயக் கணக்குல சேர்க்கிறது போங்கு. 2019-20-ல லேக்கர்ஸ் ஆடின 71-ல 62, அந்த வருஷம் கோப்பையும் வந்தது.

பேர் கெட்டது அடுத்த ரெண்டு சீசன்ல. 2020-21-ல 72-க்கு 36, 2021-22-ல 82-க்கு 40. பாதிக்கும் கொஞ்சம் கீழே. 2022-23-ல 56. 2023-24-ல 76 ஆடினார், அதுதான் அவரோட உச்சம். அந்த வருஷம் எவனும் வாயே திறக்கல!

தேவகோட்டை விசில்:
எண்ணிக்கை மட்டும் போதாது, அடி எப்படிப் பட்டதுன்னு பிரிக்கணும். 2021 டிசம்பர்ல முழங்கால் உள்பக்கத் தசைநார் போனது, மினசோட்டாவோட மெக்டேனியல்ஸ் வந்து கால்ல விழுந்ததால. 2022 பிப்ரவரியில பாதம் மடங்கினது, எதிரணி கோபேரோட கால் மேல இவர் இறங்கினதால. ரெண்டுமே எந்த உடம்பா இருந்தாலும் நடக்கும். அந்த சீசனை வச்சு "உடம்பே சரியில்ல"ன்னு தீர்ப்பு சொல்றவங்களுக்கு நான் விசில் அடிப்பேன்.

பள்ளத்தூர் பிசியோ:
விசில் அண்ணே சொல்றதுல பாதி சரி. ஆனா 2021 கெண்டைக்கால் இழுப்பு, கூடவே குதிகால் தசைநாண் (அக்கிலிஸ்) தேய்மானம், அதே வருஷம் பிளே ஆஃப்ல தொடை இடுக்கு, 2025-ல திரும்பத் தொடை உள்தசை. இதெல்லாம் தசை, தசைநாண் சமாச்சாரம். ஒரு தடவை இழுத்த தசை மறுபடி இழுக்க வாய்ப்பு அதிகம். முந்தின காயம்தான் அடுத்த காயத்துக்குப் பெரிய அறிகுறி. 2020 ஃபைனல் முடிஞ்சு 72 நாள்ல புது சீசன் ஆரம்பிச்சதும் ஞாபகத்துல இருக்கட்டும். அதனால என் தீர்ப்பு: தசை விஷயத்துல பேர் நியாயம், மூட்டு விஷயத்துல அநியாயம்.

சிமெண்ட் கோர்ட்டுக்கு: குதிகால் தசைநாண் வலிச்சா படிக்கட்டு விளிம்புல முன்பாதத்தை வச்சு நில்லுங்க. ரெண்டு காலாலயும் ஏறி, வலிக்கிற ஒத்தைக் காலால மெதுவா குதியை இறக்கணும். முழங்கால் நேரா 15 தடவை மூணு செட், கொஞ்சம் மடக்கி இன்னொரு மூணு. காலை, மாலை ரெண்டு வேளை, 12 வாரம். நாலாவது வாரமே வலி போச்சுன்னு நிறுத்துறதுதான் எல்லாரும் பண்ற தப்பு.

தொடை உள்பக்கத்துக்கு: ஒருக்களிச்சுப் படுத்து, மேல்காலை பெஞ்சுல வச்சு இடுப்பைத் தூக்குங்க. முதல்ல முழங்காலைப் பெஞ்சுல தாங்கி, பலம் வந்தப்புறம் பாதத்தைத் தாங்கி. எடுத்த எடுப்பில பாதத்தை வச்சா மறுநாள் நடக்க முடியாது.

செக்காலை சென்டர்:
கணுக்கால் மடங்கினவன் எப்ப திரும்ப இறங்கலாம்? நம்ம டீம்ல ஒருத்தன் வீக்கம் வடிஞ்சதும் ஷூவை மாட்டிக்கிறான்.

பள்ளத்தூர் பிசியோ:
வீக்கத்தைப் பார்க்காதீங்க. ஒத்தைக் கால்ல குதி தூக்குறது நல்ல காலுக்குச் சமமா வரணும், ஒத்தைக் கால் தாவல்ல தடுமாறக் கூடாது, திசை மாத்தி ஓடினா வலிக்கக் கூடாது. அப்புறம்தான் மேட்ச். சில மாசம் கயிறு கட்டுற பிரேஸ் போடச் சொல்லுங்க.

கோல்டன் ஸ்டேட் டீமோட ஸ்டீபன் கரியையும் பாருங்க. 2011-12-ல 66-க்கு 26 மேட்ச்தான், கணுக்காலுக்கு ரெண்டு ஆபரேஷன். 2012-ல 4 வருஷத்துக்கு 44 மில்லியன் டாலர்னு சல்லிசா ஒப்பந்தம் போட்டாங்க. அடுத்த அஞ்சு சீசன்ல ஆடினது 78, 78, 80, 79, 79. இடுப்பைப் பலப்படுத்தி, கணுக்கால் மேல விழுற சுமையைக் குறைச்சாங்க.

தேவகோட்டை விசில்:
மழை பெஞ்ச மறுநாள் கோர்ட்டுல மண்ணு படிஞ்சிருக்கும். கூட்டாம யாரையும் இறக்கிடாதப்பு. அதுல வழுக்கினா டேவிஸ் என்ன, லெப்ரானே விழுவார்.