ஸ்டீரியோ 70: வலப்பக்க வால்வு ஒன்று சிவந்து எரிகிறது, எந்த இஎல்34 வாங்கலாம்?

கேள்வி:

வணக்கம். என் மாமா அமெரிக்காவில் வேலையில் இருந்தபோது பழைய சாமான் கடையில் வாங்கிய டைனகோ ஸ்டீரியோ 70 வால்வு ஆம்ப் இப்போது கோவையில் என்னிடம் இருக்கிறது. 230 வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஓடுகிறது. மூன்று வருடமாகத் தினமும் பாட்டுக் கேட்கிறேன்.

போன வாரம் இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் உள்ள இரண்டு இஎல்34 அவுட்புட் வால்வில் பின்னால் இருப்பதன் பிளேட்டில் (உள்ளே இருக்கும் உலோகத் தகடு), ஓரத் தையல் பக்கமாக, பெரிய பொட்டு அளவுக்குச் செந்நிறம் தெரிந்தது. பத்து நிமிடத்தில் அது உள்ளங்கை ரேகை போல நீண்டுவிட்டது. உடனே அணைத்துவிட்டேன்.

பயாஸ் (வால்வு சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்னோட்டத்தின் அமைப்பு) பார்த்தேன். ஆம்பின் முன்பக்கம் உள்ள அளக்கும் சாக்கெட்டில் மீட்டர் வைத்தால் கையேட்டில் சொன்ன 1.56 வோல்ட் அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் வால்வுதானே போயிருக்க வேண்டும்? நான்கையும் மாற்றலாம் என்று இருக்கிறேன். ஜேஜே நல்லதா, எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நல்லதா? கேடி88 என்ற பெரிய வால்வு போட்டால் சத்தம் கனமாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார், அதுவும் சரிதானா?

பதில் 1:

தம்பி, இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். காரணம் அந்த 1.56-லேயே இருக்கிறது.

இந்த ஆம்பில் ஒரு பக்கத்து இரண்டு வால்வுக்கும் கேத்தோடில் (மின்னோட்டம் முழுவதும் கடக்கும் முனை) ஒரே ரெசிஸ்டர், 15.6 ஓம். பயாஸ் திருகும் ஒன்றுதான். 1.56 வோல்ட் என்றால் இரண்டும் சேர்ந்து 100 மில்லி ஆம்பியர் இழுக்கின்றன. ஆளுக்கு 50 என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், ஆனால் மீட்டர் கூட்டுத்தொகையை மட்டும்தான் காட்டும். ஒன்று 75, இன்னொன்று 25 என்றாலும் அதே 1.56 வரும். பிளேட்டில் உள்ள 415 வோல்ட்டில் 75 மில்லி ஆம்பியர் என்றால் 31 வாட். இஎல்34-இன் பிளேட் தாங்குவது 25. அதனால்தான் சிவக்கிறது.

எதனால் ஒன்று அதிகம் இழுக்கிறது என்று முதலில் பாருங்கள். ஆம்பை அணைத்து ஆறவிட்டு, வலப்பக்க வால்வுகள் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். சிவப்பு வால்வோடு நகர்ந்தால் வால்வு போய்விட்டது. அதே சாக்கெட்டில் நின்றால் கோளாறு கீழே இருக்கிறது. அப்படி இருந்தால் என் சந்தேகம் முன்னால் இருக்கும் சிறிய 7199 வால்விலிருந்து இஎல்34-இன் கிரிட்டுக்கு (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) வரும் 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர் மேல்தான். அது லேசாகக் கசிந்தாலே கிரிட்டின் மைனஸ் வோல்ட் குறைந்து, வால்வு அதிகம் இழுக்கும். அந்த நிலையில் புது வால்வு போட்டால் அதுவும் சிவக்கும்.

சோதனைக்கு ஒரு நிமிடம் போதும், சிவந்தவுடன் அணைத்துவிடுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றாதீர்கள்.

கேட்டவர்:

சார், மாற்றிப் பார்த்தேன். சிவப்பு அதே பின்பக்க சாக்கெட்டில்தான் நிற்கிறது! இனி என்ன அளக்க வேண்டும்?

பதில் 1:

நல்லது, நான்கு வால்வுக்கான பணம் தப்பியது. இப்போது வலப்பக்க வால்வு இரண்டை மட்டும் எடுத்துவிட்டு, அந்த சாக்கெட்டுகளில் 5-ஆம் பின்னுக்கும் (அதுதான் கிரிட்) சேசிஸுக்கும் இடையில் அளங்கள். இரண்டும் ஒரே பயாஸ் திருகிலிருந்து வருவதால் ஏறக்குறைய ஒரே அளவு மைனஸ் வோல்ட் இருக்க வேண்டும்.

இடப்பக்க வால்வுகள் இடத்திலேயே இருக்கட்டும். நான்கையும் எடுத்துவிட்டால் சுமை இல்லாமல் ஹை டென்ஷன் (பிளேட்டுக்குப் போகும் உயர் வோல்ட்) மேலே ஏறும், பழைய ஃபில்டர் கண்டன்சருக்கு அது ஆகாது. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. மீட்டரின் கருப்புக் கம்பியை சேசிஸில் கிளிப் போட்டுவிட்டு, ஒரு கையால் மட்டும் அளங்கள், இன்னொரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். அணைத்த பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும், அளந்து பூஜ்யம் வந்த பிறகே உள்ளே கை வையுங்கள். அப்படியே பிளேட் வோல்ட்டையும், ஸ்டெப்-டவுனிலிருந்து வெளிவரும் வோல்ட்டையும் அளந்து சொல்லுங்கள்.

கேட்டவர்:

வலப்பக்கத்தில் முன்னால் உள்ள வால்வு சாக்கெட் மைனஸ் 36.1, பின்னால் உள்ளது மைனஸ் 29.4. வால்வுகளைத் திரும்பப் போட்டு ஒரு நிமிடத்துக்குள் பார்த்ததில் பிளேட் 438 வோல்ட். ஸ்டெப்-டவுன் 123 தருகிறது.

பதில் 1:

கசிவுதான். கிட்டத்தட்ட 7 வோல்ட் வித்தியாசம், இஎல்34-க்கு அது ரொம்பப் பெரிது. இரண்டு பக்கத்திலும் உள்ள அந்த நான்கு கண்டன்சரையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரே வயது, மற்றதும் பின்னாலேயே போகும். 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட், பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் போதும். பயாஸ் சப்ளையில் பழைய செலினியம் ரெக்டிஃபையர் இன்னும் இருந்தால் அதையும் எடுத்துவிட்டு 1என்4007 டயோடு வையுங்கள். அது தளர்ந்து போனால் பயாஸே விழுந்து நான்கு வால்வும் சேர்ந்து சிவக்கும்.

அடுத்து அந்த 123. இந்த ஆம்ப் 117 வோல்ட் காலத்தது, 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ், அதனாலேயே பவர் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகும். அதன் மேல் 123 கொடுத்தால் வால்வு ஹீட்டருக்கு 6.3 வோல்ட்டுக்குப் பதில் 6.6 போகிறது. 115 வோல்ட் டேப் (சுருளின் நடுவிலிருந்து எடுத்த இணைப்பு) உள்ள ஸ்டெப்-டவுன் வாங்குங்கள், அல்லது உங்களுடையதை வைண்டிங் கடையில் கொடுத்து டேப் எடுக்கச் சொல்லுங்கள். வால்வின் பிராண்டைவிட இது முக்கியம் என்பேன்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். சிவந்த வால்வை நம்ப வேண்டாம், அதன் ஜோடியும் அதே சாக்கெட்டில் சிவந்திருக்கிறது. ஜேஜே இஎல்34, எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் இஎல்34 இரண்டும் இதற்குப் பொருந்தும். நான் கேட்பது ஒன்றுதான்: ஜோடி, மின்னோட்டம் அளந்து பொருத்தியதாக இருக்க வேண்டும். ஒரே திருகில் இரண்டு வால்வு இருப்பதால் ஜோடிப் பொருத்தம் இங்கே தப்பக்கூடாது. ஆனால் நான்கும் ஒன்றுபோல் இருக்க வேண்டியதில்லை. இடப்பக்கத்துக்குத் தனித் திருகு உண்டு. அங்கே சிவப்பு இல்லையென்றால் வலப்பக்கத்துக்கு ஒரு ஜோடி போதும்.

ஜேஜேயிலேயே இ34எல் என்று ஒன்று உண்டு. பெயர் ஒன்றுபோல் இருக்கும், ஆனால் அதற்கு இன்னும் அதிக மைனஸ் பயாஸ் வேண்டும், உங்கள் திருகு எட்டாமல் போகலாம். கேடி88 வேண்டவே வேண்டாம். ஹீட்டர் ஒன்றுக்கு 1.6 ஆம்பியர், இஎல்34-க்கு 1.5. ஏற்கெனவே சூடாக ஓடும் டிரான்ஸ்ஃபார்மர் மேல் எதற்குக் கூடுதல் சுமை? சத்தம் பெருகவும் போவதில்லை, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் சப்ளையும் பழையதுதானே.

பதில் 2:

என் அப்பா மைக் செட் வைத்திருந்தார், வால்வு ஆம்ப் பார்த்து வளர்ந்தவன். புது ஜோடி போடும்போது கண்ணாடியைப் பிடித்து ஆட்டாதீர்கள், அடிப்பாகத்தைப் பிடித்து நேராக அழுத்துங்கள். நடுவில் உள்ள பிளாஸ்டிக் குச்சி உடைந்த வால்வைத் தொடவே கூடாது, பின் மாறி உட்கார்ந்துவிடும். சாக்கெட் பின்கள் தளர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். கிரிட் பின் தொடர்பு விட்டாலும் வால்வு சிவக்கும்.

பழைய மல்லார்ட் (பிரிட்டிஷ் பிராண்ட்) வால்வு என்று யாராவது விற்க வந்தால் அவசரப்படாதீர்கள், எழுத்தை மட்டும் புதிதாக அச்சடித்து விற்பவர்கள் உண்டு. எந்த வால்வு வந்தாலும் உச்சியில் உள்ள வெள்ளிப் பூச்சைப் பாருங்கள். பளபளப்பாக இருந்தால் சரி, பால் போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது.

கேட்டவர்:

நான்கு கண்டன்சரும் மாற்றியாயிற்று. இரண்டு கிரிட்டும் இப்போது மைனஸ் 36.0, 35.8. ஸ்டெப்-டவுனில் டேப் எடுத்தேன், 116 வருகிறது, பிளேட் 413. ஜேஜே ஜோடி ஒன்று போட்டிருக்கிறேன். பயாஸ் 1.56-லேயே வைக்கட்டுமா?

பதில் 1:

1.25 வையுங்கள். ஆளுக்கு 40 மில்லி ஆம்பியர், பிளேட்டில் பதினாறரை வாட். காதுக்கு வித்தியாசம் தெரியாது, வால்வு அதிக நாள் வரும். இடப்பக்கமும் அதே. ஒரு வாரம் கழித்து, அரை மணி நேரம் சூடான பிறகு மறுபடி அளந்து பாருங்கள், புது வால்வு கொஞ்சம் நகரும்.

கேட்டவர்:

வைத்துவிட்டேன் சார். விளக்கை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஹீட்டர் வெளிச்சம் மட்டும்தான். கண்ணாடி ஓரத்தில் லேசாக நீலம் தெரிகிறது, அது பரவாயில்லையா?

பதில் 2:

கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒட்டினாற்போல் நீலம் என்றால் பரவாயில்லை, நல்ல வால்விலும் வரும். பிளேட்டுக்குள் ஊதா நிறமாக நிறைந்தால்தான் கவலை.