நள்ளிரவில் வீட்டுக்குள் ஆள்: எங்களுக்கு நடந்தது

போன மாதம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு 2:40 இருக்கும். பின்கதவை யாரோ நெம்பும் சத்தம். முதலில் மரம் முனகியது, அப்புறம் 'படக்'கென்று ஏதோ தெறித்தது. என் கணவர் எழுந்த வேகத்தில் இரும்புக் கம்பியோடு கிளம்பினார். சட்டையைப் பிடித்து இழுத்து, "பிள்ளைங்க ரூமுக்கு வாங்க" என்றேன். வந்திருப்பது ஒருவனா மூன்று பேரா, கையில் என்ன வைத்திருக்கிறான், எதுவுமே தெரியாமல் இருட்டில் தேடிப் போய் என்ன செய்வது?

உள்ளே தாழ் போட்டுக் கட்டிலைக் கதவோடு தள்ளினோம். கை நடுக்கத்தில் போனின் பூட்டு எண்ணை மூன்று முறை தப்பாக அழுத்தினேன். பூட்டிய திரையிலேயே அவசர அழைப்பு உண்டு என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. (பல நாடுகளில் 112. உங்களுக்கு எது என்று இப்போதே பார்த்து வையுங்கள்.) விலாசத்தைத்தான் முதலில் சொன்னேன். பாதியில் லைன் அறுந்தாலும் ஆள் அனுப்ப அது போதும். பிறகு என் கணவர் உள்ளே இருந்தபடியே, "போலீசுக்குச் சொல்லியாச்சு, வந்துட்டு இருக்காங்க!" என்று கத்தினார். ஓடும் காலடிச் சத்தம் கேட்டது. அப்படியும் போலீஸ் வந்து குரல் கொடுக்கும்வரை நாங்கள் கதவைத் திறக்கவில்லை.

விடிந்து பார்த்தால் தாழ்ப்பாளின் கொண்டி தரையில் கிடந்தது. அதைப் பிடித்திருந்த திருகாணிகள் அரை அங்குலம்கூட இல்லை! அவ்வளவு கனமான கதவு, இந்தத் துளித் திருகாணியை நம்பித்தான் இத்தனை வருஷம் நின்றிருக்கிறது. இப்போது 3 அங்குலத் திருகாணி போட்டிருக்கிறோம், நிலைச்சட்டத்தில் ஆழமாக இறங்கியிருக்கிறது.

*

நல்ல வேளை அவரை இழுத்தீர்கள் அக்கா. நான் பட்டவன். பகலில் வீடு திரும்பினால் முன்கதவு ஒருக்களித்து இருந்தது. வெளியிலேயே நின்று போன் செய்திருக்க வேண்டும். "யாருடா அது" என்று உள்ளே போய்விட்டேன். வாசலை மறித்து நான் நிற்க, வெளியே போக அவனுக்கு இருந்தது அந்த ஒரே வழி. என்னை அடிக்க அவன் வரவில்லை, தப்பிக்கத்தான் பாய்ந்தான். விழுந்ததில் எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஓடுகிறவனுக்கு வழி விட்டுவிடுங்கள். முடிந்தால் செருப்பையோ ஷூவையோ கவனியுங்கள், சட்டையை அவன் அடுத்த தெருவிலேயே மாற்றிவிடுவான். இன்னொன்று, இறைந்து கிடக்கிறதே என்று எதையும் எடுத்து அடுக்காதீர்கள். ரேகை எடுக்க வந்தவர், நான் துடைத்து வைத்திருந்த மேசையைப் பார்த்து வருத்தப்பட்டார்.

*

எங்கள் வீட்டில் வந்தது திருடனே இல்லை. விடுதியிலிருந்து தம்பி சொல்லாமல் கொள்ளாமல் நடுராத்திரி வந்து, சாவி இல்லாததால் ஜன்னல் வழியாக ஏறிவிட்டான். அப்பா இருட்டில் கட்டையை ஓங்கிவிட்டார். "அப்பா, நான்தான்!" என்று அவன் அலறியிருக்காவிட்டால்... அன்றைக்கு அப்பா விடியும்வரை தூங்கவில்லை, அவன் தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் சத்தம் கேட்டால், மூடிய கதவுக்குப் பின்னால் நின்று முதலில் எங்கள் ஒவ்வொருவர் பேரையும் சொல்லிக் கூப்பிடுகிறார்.